கிற்றாரின் குரலைத் தேடியவர்கள்

நரம்புக் கருவி எதுவாயினும் அதன் ஓசை நரம்பில் மட்டும் நிறைவு பெறுவதில்லை. மெல்லிய நரம்பொன்று தனித்து நின்று காற்றை அசைக்கும் ஆற்றல் மிகச் சிறிது. அதன் அதிர்வை வாங்கிப் பெருக்கித் தர ஓர் உடல் வேண்டும். வீணைக்குக் குடம் அமைந்ததும், வயலினுக்கும் கிற்றாருக்கும் உட்குடைவான மரப்பெட்டி அமைந்ததும் இதன்பொருட்டே. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த நியதிக்குப் புறம்பான கருவியொன்று தோன்றிற்று. அதுவே மின்கிற்றார். அதன் குரலைப் பெரும்பாலும் வகுப்பது மரப்பெட்டியன்று; உருக்குக் கம்பிகளுக்கு அடியிலே பதிக்கப்பட்டிருக்கும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பொருள். காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் சேர்ந்த அப்பொருளைக் கலைஞர்கள் ‘பிக்கப்’ என்று வழங்குவர்.

பிக்கப்பை மாற்றினால் கருவியின் குரல் மாறும். இவ்வுண்மை அறியப்பட்ட நாள்தொட்டு, எதை எடுத்துவிட்டு எதை வைப்பது என்னும் வினா கிற்றார்க் கலைஞரை விட்டகலவில்லை. அவ்வினா பல கருவிகளுக்குப் புத்துயிர் கொடுத்தது. வேறு பலவற்றைத் திரும்பப் பெறமுடியாத வகையிற் பாழ்படுத்தியும் விட்டது. இவ்விரண்டும் எவ்வாறு நிகழ்ந்தன என்பதை அறிய, அச்சிறு பொருளின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து நோக்குதல் வேண்டும்.

1920களில் ஐக்கிய அமெரிக்காவின் நடன மண்டபங்களில் பித்தளை ஊதுகருவிகளும் முரசங்களும் ஆட்சி செலுத்தின. அவற்றின் நடுவே கிற்றார் வாசித்தவன் கையசைவதைக் கண்டவர் உண்டு. ஓசையைக் கேட்டவர் அரிது. அக்காலத்தில் ஹவாய்த் தீவுகளின் இசைமுறை அமெரிக்காவெங்கும் பெருவிருப்போடு கேட்கப்பட்டது. மடியிற் கிடத்திய கிற்றாரின்மீது உருக்குத் துண்டொன்றை வழுக்கி வாசிக்கும் அம்முறையில் கிற்றாரே முதன்மைக் குரல். முதன்மைக் குரலே அமுங்கிப்போனால் பாட்டு ஏது? எனவே, உரத்துப் பேசும் கிற்றார் ஒன்று வேண்டும் என்னும் ஏக்கம் முதலில் அக்கலைஞரிடையே பிறந்தது.

அத்தகையோருள் ஒருவர் ஜோர்ஜ் பீச்சம். மேடைகளில் ஹவாய்க் கிற்றார் வாசித்து வந்த இவர், முதலில் அலுமினியக் கூம்புகளைக் கிற்றாரினுள் வைத்து ஓசையைப் பெருக்கும் முயற்சியிற் பங்குகொண்டார். அது ஓரளவே பயன் தந்தது. பின்னர் அவர் மனம் மின்சாரத்தின்பால் திரும்பியது. கிராமபோன் இசைத்தட்டின் ஊசியசைவை மின்னோட்டமாக்கும் உறுப்பு அந்நாளிலே வழக்கில் இருந்தது. தட்டின் வரிப்பள்ளத்தை விட்டுக் கம்பியின் அதிர்வையே நேராக மின்னோட்டமாக்கினால் என்ன என்று அவர் எண்ணினார்.

இதற்கு வேண்டிய அடிப்படை விதி புதியதன்று. 1831ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து விஞ்ஞானி மைக்கேல் பரடே அதனைக் கண்டறிந்திருந்தார். சுருளொன்றை ஊடறுக்கும் காந்தப்புலம் மாறும்போது அச்சுருளில் மின் தூண்டப்படும் என்பதே அவ்விதி. கிற்றாரின் உருக்குக் கம்பி காந்தத்தின் அருகே அதிரும்போது காந்தப்புலமும் அதற்கேற்ப அசைகிறது. காந்தத்தைச் சுற்றியுள்ள சுருளில் அதே தாளத்தில் மிகச் சிறிய மின்னோட்டம் எழுகிறது. ஒலிபெருக்கி அதனை வாங்கி மண்டபம் நிறைய முழங்குகிறது. சொல்லுதற்கு எளிது. ஆனால் பரடேயின் விதிக்கும் பாடும் கிற்றாருக்கும் இடையே நூறு ஆண்டுகள் கழிந்தன.

பீச்சமும் அவருடைய துணைவர் போல் பார்த்தும் வீட்டு மேசையில் வைத்தே சோதனைகள் செய்தனர். சுருள் சுற்றுவதற்கு வீட்டுப் பொறியொன்றின் மோட்டாரையே கழற்றிப் பயன்படுத்தினர். ஈற்றில் இரண்டு குதிரைலாட வடிவக் காந்தங்கள் கம்பிகளை மேலும் கீழும் சூழ்ந்து நிற்க, கம்பியொன்றுக்கு ஒன்றாக ஆறு முனைகள் சுருளின் நடுவே அமைந்த பிக்கப் உருவாயிற்று. ஹரி வாட்சன் என்னும் கைவினைஞர் மரத்தில் ஒரு கிற்றாரைச் செதுக்கிக் கொடுத்தார். வட்டமான சிற்றுடலும் நீண்ட கழுத்தும் உடையதாய் இருந்தமையால் அதற்குப் ‘பொரிசட்டி’ என்னும் வேடிக்கைப் பெயர் வாய்த்தது. உலோக வேலைத்தலம் நடத்திவந்த அடோல்ப் றிக்கன்பக்கரோடு கூடிப் பீச்சம் 1931இல் ஒரு கொம்பனியைத் தொடங்கினார். அலுமினியத்தில் வார்க்கப்பட்ட அக்கிற்றார் 1932இல் விற்பனைக்கு வந்தது.

காலமோ பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். வாங்குவார் சிலர். அதன்மேல் ஆக்கவுரிமைத் துறையினருக்கு வேறோர் ஐயம்: இது உண்மையில் இசைக்கத்தக்க கருவிதானா? அவ்வையத்தைப் போக்கப் புகழ்பெற்ற ஹவாய்க் கலைஞர் சோல் ஹூப்பி உள்ளிட்டோர் வாஷிங்டன் நகருக்கு அனுப்பப்பட்டு, அலுவலர் முன்னிலையிலேயே வாசித்துக் காட்டினர். உரிமை 1937ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி கிடைத்தது. அதற்குள் ஏனைய கொம்பனிகள் பல தத்தம் மின்கிற்றார்களைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டன. பீச்சம் 1941இல் காலமானார். தாம் தொடக்கிவைத்த பொருள் உலகின் இசையையே மாற்றப்போவதை அவர் காண வாய்க்கவில்லை.

பழம்பெருமை வாய்ந்த கிப்சன் கொம்பனி 1936இல் ஈ.எஸ். 150 என்னும் கிற்றாரை வெளியிட்டது. ஒலிபெருக்கியுடன் சேர்த்து ஏறக்குறைய 150 டொலர் விலையாதலின் அப்பெயர் பெற்றது. வால்டர் புல்லர் அமைத்த அதன் பிக்கப்பில் நீண்ட காந்தங்கள் கிற்றாரின் உள்ளே மறைந்திருக்க, ஒற்றை உருக்குத் தகடு மட்டும் கம்பிகளின் கீழே தலைகாட்டியது. 1939இல் பென்னி குட்மனின் இசைக்குழுவிற் சேர்ந்த சார்லி கிறிஸ்தியன் என்னும் இளைஞர் அக்கிற்றாரைக் கையிலேந்தி, ஊதுகருவியாளரைப்போலத் தனித்து நின்று நீண்ட இசைத்தொடர்களை வாசித்தார். அதுவரை தாளத்துக்குத் துணைநின்ற கிற்றார் அன்று முன்வரிசைக்கு வந்தது. கிறிஸ்தியன் 1942இல், தமது 25ஆவது வயதில், காசநோயால் இறந்தார். அப்பிக்கப் இன்றும் ‘சார்லி கிறிஸ்தியன் பிக்கப்’ என்றே அறியப்படுகிறது. ஆக்கிய பொறியாளரின் பெயரைவிட அதன் குரலை உலகறியச் செய்த கலைஞனின் பெயரே நிலைத்தது.

ஓசை உயர உயர வேறோர் இடையூறு தலைகாட்டியது. ஒலிபெருக்கியின் முழக்கம் கிற்றாரின் குடைவான பெட்டிக்குள் மீண்டும் புகுந்து, பெட்டியை அதிரச்செய்து, ஓயாத ஊளையாக மாறிற்று. இதற்கு மாற்றாகக் குடைவற்ற திண்மரத்தாலேயே உடலை அமைக்கலாம் எனப் பலர் கண்டனர். கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில் வானொலிப்பெட்டி திருத்தும் கடை வைத்திருந்த லியோ பெண்டர் 1950இல் அத்தகைய கிற்றாரைத் தொழிற்சாலைமுறையில் ஆக்கத் தொடங்கினார். அது 1951முதல் ரெலிகாஸ்ரர் எனப் பெயர் கொண்டது. 1954இல் மூன்று பிக்கப்புகள் உடைய ஸ்ராற்றோகாஸ்ரர் வந்தது. லியோ பெண்டருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்புக்குரிய செய்தி. கலைஞர்கள் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்டு அதன்படி திருத்துவதே அவர் கைக்கொண்ட முறை.

பெண்டரின் பிக்கப் மிக எளிமையானது. அலுமினியம், நிக்கல், கோபாற்று ஆகியன கலந்த அல்னிக்கோ என்னும் உலோகத்தாலான ஆறு காந்தத் தண்டுகள். அவற்றைச் சுற்றித் தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பி. அக்கம்பியின் குறுக்களவு ஏறக்குறைய 0.063 மில்லிமீற்றர். ஸ்ராற்றோகாஸ்ரரின் ஒவ்வொரு பிக்கப்பிலும் அது ஏறக்குறைய 8,000 சுற்றுக்கள் சுற்றப்பட்டது. சுழலும் பொறியின் முன்னமர்ந்து அக்கம்பியை விரலால் நெறிப்படுத்தியோர் பெரும்பாலும் பெண்கள். இறுக்கினால் அறுந்துவிடும், தளர்த்தினால் சுருள் குலைந்துவிடும். அவ்வாறு பணியாற்றியோருள் அபிகேல் இபாரா என்னும் பெண்மணியின் பெயர் பின்னாளிற் புகழடைந்தது. 1950களின் பிற்பகுதியிற் பெண்டர் தொழிற்சாலையிற் சேர்ந்த அவர் 2013வரை அங்கு பணியாற்றினார். அவருடைய பெயரெழுத்தும் தேதியும் பொறித்த பிக்கப்புகளைக் கலைஞர்கள் தேடி வாங்கினர். ஏனைய பெண்களின் பெயர்களை உலகம் அறியாது. அவர்கள் விரல்களின் வேலையை மட்டும் எண்ணற்ற இசைத்தட்டுக்களிற் கேட்டிருக்கிறது.

ஒற்றைச் சுருளுக்கு ஒரு குறை உண்டு. கம்பியின் அசைவை உணரும் சுருள், சூழவுள்ள மின்கம்பிகளும் விளக்குகளும் பரப்பும் மாறுகின்ற காந்தப்புலத்தையும் உணர்ந்துவிடுகிறது. அமெரிக்காவில் ஆடலோட்டம் செக்கனுக்கு 60 முறையும், இலங்கையிலும் பிரித்தானியாவிலும் 50 முறையும் ஆடுவதாகும். இவ்வாட்டம் பிக்கப்பினூடே புகுந்து, வண்டின் ரீங்காரம்போல் ஓயாத இரைச்சலாகக் கேட்கும். மெல்லிய இசைக்கு நடுவே அது பெருந்தொல்லை.

கிப்சன் கொம்பனியிற் பணியாற்றிய செத் லவர் இதற்கு ஒரு வழி கண்டார். வானொலிக் கருவிகளிற் பழகிய அவர், ஒலிபெருக்கியின் மின்வழங்கும் பகுதியில் இரைச்சலை இரைச்சலாலேயே அழிக்கும் சுருளமைப்பை அறிந்திருந்தார். அதே உபாயத்தைப் பிக்கப்பிற்குள் கொண்டுவந்தார். அருகருகே இரண்டு சுருள்கள். ஒன்றின் காந்தமுனை வடக்கெனில் மற்றதனது தெற்கு. இரண்டும் மின்முறையில் எதிரெதிராக இணைக்கப்பட்டவை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு சுருளிலும் ஒரேவகையில் தோன்றி ஒன்றையொன்று அழித்துவிடும். கிற்றார்க் கம்பியின் ஓசையோ காந்தமும் எதிர், இணைப்பும் எதிர் ஆதலால் அழியாமல் ஒன்றோடொன்று கூடும். இரைச்சலை எதிர்ப்பது என்னும் பொருளில் அது ‘ஹம்பக்கர்’ எனப்பட்டது. இக்கருத்து 1930களிலேயே சிலருக்குத் தோன்றியதுதான். றே பட்ஸ் என்பவரும் ஏறக்குறைய அதே ஆண்டுகளிற் கிறெட்ச் கொம்பனிக்காக இதுபோன்றதொன்றை ஆக்கினார். எனினும் பெரும்புகழ் லவரின் பிக்கப்புக்கே வாய்த்தது.

1955இல் விண்ணப்பித்த உரிமை 1959ஆம் ஆண்டு ஜூலையில்தான் கிடைத்தது. இடைக்காலத்தில் வந்த பிக்கப்புகளின் அடியில் ‘ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்னும் ஆங்கில வாசகம் ஒட்டப்பட்டிருந்தது. அவ்வாசகத்தின் முதலெழுத்துக்கள் சேர்ந்து ‘பி.ஏ.எப்.’ என்று ஒரு பெயரே ஆயின. உரிமை கிடைத்தபின் ஒட்டப்பட்ட இலக்கத்திலும் ஒரு விந்தை உண்டு. 2,737,842 என்னும் அவ்விலக்கம் பிக்கப்புக்கு உரியதன்று. லெஸ் போல் என்னும் கலைஞர் கம்பிதாங்கும் உறுப்பொன்றுக்காகப் பெற்ற உரிமைக்கு உரியது. போட்டியாளரைத் திசைதிருப்பவே அவ்வாறு செய்தனர் என்பாரும், வெறுந்தவறு என்பாரும் உளர்.

1957முதல் லெஸ் போல் பெயர்தாங்கிய கிப்சன் கிற்றார்களில் இந்த ஹம்பக்கர்கள் பொருத்தப்பட்டன. பின்னாளில் வழிபாட்டுக்குரியவைபோல மதிக்கப்பட்ட அக்கருவிகள் அந்நாளில் நன்கு விற்பனையாகவில்லை. 1958முதல் 1960வரை செங்கதிர் வண்ணம் தீட்டி ஆக்கப்பட்டவை இரண்டாயிரத்துக்கும் உட்பட்டவையே. பின்னர் அவ்வுருவமே கைவிடப்பட்டது.

பி.ஏ.எப். பிக்கப்புகள் ஒன்றைப்போல் ஒன்று இருந்ததில்லை என்பதே இவ்வரலாற்றின் மையமான செய்தி. அல்னிக்கோவிலும் பல தரங்கள் உண்டு. அந்நாளிற் கைக்குக் கிடைத்த தரமே இடப்பட்டது. சுருளொன்றுக்கு ஏறக்குறைய 5,000 சுற்றுக்கள் என்பது குறி. ஆனால் பொறியை நிறுத்தியது பெரும்பாலும் மனிதரின் கண்மதிப்பு. ஆகவே ஒரு சுருளிற் கூடுதலாகவும் மற்றதிற் குறைவாகவும் கம்பி ஏறியது. சுருள் சுற்றும் நெகிழிச் சட்டத்துக்குக் கருநிறச் சரக்குக் கிடைக்காதபோது வெண்மஞ்சள் நிறத்தவை வந்தன. உலோக மூடியின் கீழ் மறைந்திருப்பதால் நிறத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. குரலிலும் இதே வேறுபாடு. சில பிக்கப்புகள் தெளிந்து இனித்தன. சில மங்கி ஒலித்தன. பின்வந்தோர் தேடித் தவித்த ‘பழைய குரல்’ ஒரு தனிக்குரலன்று. எண்ணிச் செய்ததும் எண்ணாமல் நேர்ந்ததும் கலந்த பலகுரல்களின் கூட்டம் அது.

1960களில் தொழிற்சாலைகள் பெருகின, செலவு கணக்கிடப்பட்டது, தன்னியக்கப் பொறிகள் கைகளின் இடத்தைப் பிடித்தன. 1965ஆம் ஆண்டு ஜனவரியிற் பெண்டர் கொம்பனி 13 மில்லியன் டொலருக்குச் சி.பி.எஸ். என்னும் பெருநிறுவனத்தின் கைக்குச் சென்றது. அக்காலத்தை ஒட்டிப் பிக்கப்பின் கம்பிப்பூச்சு முதலியன மாறின. கிப்சனிலும் காந்தங்கள் குறுகி ஒரே தரத்தவாயின. மாற்றம் யாவும் சீர்கேடு என்பது பொருந்தாது. ஆயினும் கலைஞரின் செவி வேறுபாட்டை உணர்ந்தது. 1966இல் ஜோன் மேயலின் குழுவில் எரிக் கிளப்ரன் வாசித்த இசைத்தட்டு வெளிவந்தபோது, அவர் கையிலிருந்த பழைய லெஸ் போலின் தடித்துக் கனிந்த ஓசை இளைஞரைக் கவர்ந்தது. கைவிடப்பட்ட உருவத்தைக் கிப்சன் 1968இல் மீண்டும் ஆக்கத் தொடங்கியது. ஆனால் புதியது பழையதைப்போல் ஒலிக்கவில்லை என்ற முறைப்பாடு எங்கும் எழுந்தது. பழையதை வாங்கப் பணம் வேண்டும். பணமில்லாதவன் என் செய்வான்? தன் கருவியின் உள்ளே கைவைக்கத் துணிந்தான்.

அந்த வேட்கையை உணர்ந்து தொழிலாக்கியவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் லறி டிமார்சியோ. நியூயோர்க்கிற் கிற்றார் திருத்தும் பணியில் ஈடுபட்டிருந்த அவர் 1972இல் வெளியிட்ட ‘சுப்பர் டிஸ்ரோசன்’ பரவலாக விற்பனைக்கு வந்த முதல் மாற்றுப் பிக்கப் எனக் கருதப்படுகிறது. அல்னிக்கோவுக்குப் பதிலாகச் செரமிக் காந்தமும், கூடுதலான சுற்றுக்களும் கொண்ட அது ஒலிபெருக்கியின் வால்வுகளைத் தாங்கமாட்டாத அளவுக்குத் தூண்டிவிட்டது. அவ்வாறு மிகையுறும்போது பிறக்கும் கரகரப்பையே அக்கால இளைஞர் விரும்பினர். முன்னொருநாள் நெகிழித் தட்டுப்பாட்டால் நேர்ந்த வெண்மஞ்சள் நிறத்தை இரண்டு சுருளிலும் இட்டு, அதனையே தமது வணிகக் குறியாகவும் அவர் பதிவுசெய்தார். தற்செயல் சொத்தாக மாறிய விதம் இது.

இன்னொருவர் சீமோர் டங்கன். இளமையில் தம் ரெலிகாஸ்ரரின் பிக்கப் பழுதடைந்தபோது, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் இசைத்தட்டுப் பொறியின்மேல் அதனை வைத்து மீண்டும் கம்பி சுற்றியவர் அவர். 1970களின் முற்பகுதியில் இலண்டனிற் கிற்றார் திருத்தும் பணியில் இருந்தபோது, பழுதுபட்ட இரண்டு பி.ஏ.எப். பிக்கப்புகளைப் புதுக்கம்பி சுற்றிச் செப்பனிட்டு, ரெலிகாஸ்ரர் ஒன்றிற் பொருத்தி, ஜெப் பெக் என்னும் கலைஞருக்குக் கொடுத்தார். 1975இல் வெளிவந்த பெக்கின் இசைத்தட்டொன்றில் அக்கருவியின் குரல் பதிவாயிற்று. 1976இல் டங்கன் கலிபோர்னியாவிற் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் முதுமையெய்திய செத் லவரே அந்நிறுவனத்தோடு கூடித் தமது பழைய பிக்கப்பை முன்னிருந்தவாறே ஆக்கித் தந்தார். முதல் ஆக்கியவனின் கையாலேயே நகல் பிறந்த நிகழ்ச்சி கைத்தொழில் வரலாற்றில் அரிது.

அதே 1976இல் றொப் ரேணர் தொடங்கிய கொம்பனி வேறு வழிசென்றது. சுருளிற் சுற்றுக்களைக் குறைத்து, சிறிய இலத்திரனியற் பெருக்கியொன்றைப் பிக்கப்பினுள்ளேயே வைத்து, 9 வோல்ற்று மின்கலத்தால் அதனை இயக்குவது அம்முறை. இரைச்சல் மிகக் குறைந்தது. நீண்ட வடத்தினூடே சென்றாலும் ஓசை தேயவில்லை. ஆனால் மின்கலம் தீர்ந்தால் கிற்றார் ஊமையாகும்.

தொழிற்சாலைகளை நம்பாமல் தாமே முயன்றோரும் உண்டு. எடி வான் ஹேலன் என்னும் இளைஞர் வேறொரு கிற்றாரிலிருந்து எடுத்த கிப்சன் ஹம்பக்கரைப் பெண்டர் பாணியிலான உடலிற் பொருத்தினார். பெரும் ஓசையில் சுருள் நடுங்கிக் கிறீச்சிடுவதைத் தடுக்க, உருக்கிய பரபின் மெழுகிற் பிக்கப்பைத் தோய்த்தார். வெப்பம் மிகுந்து சில பிக்கப்புகள் உருகிப்போனதும் உண்டு. 1978இல் வெளிவந்த அவர் குழுவின் முதல் இசைத்தட்டைக் கேட்டபின், கிற்றார் என்பது வாங்கியபடியே வாசிக்கும் பொருள் என்ற எண்ணம் இளைஞரிடையே மறைந்தது.

அம்மறைவுக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. 1970களில் எத்தனையோ பழைய ஸ்ராற்றோகாஸ்ரர்களின் மரம் ஹம்பக்கர் புகுவதற்காக உளியாற் குடையப்பட்டது. உரத்த குரலை விரும்பிப் பி.ஏ.எப். பிக்கப்புகளைக் கழற்றி எறிந்தோரும் இருந்தனர். அவ்வாறு எறியப்பட்டவை இன்று ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைபோகின்றன. குடையப்பட்ட கிற்றார்கள் தம் மதிப்பிற் பெரும்பகுதியை இழந்துள்ளன. ஒரு தலைமுறை பழைய குரலைத் தேடியபோதே பழைய குரலின் மூலங்களைத் தானே அழித்தது.

இவ்வரலாற்றிலிருந்து தேர்வுக்குரிய நெறிகள் சில தாமே புலப்படுகின்றன. பிக்கப் ஒன்றின் குரலை வகுப்பன காந்தத்தின் வலிமை, சுற்றுக்களின் தொகை, கம்பியின் பருமன், சுருளின் வடிவம், கம்பியின் எப்பகுதிக்குக் கீழே அது நிற்கிறது என்பன. சுற்றுக்கள் கூடினால் ஓசை உரக்கும். அதனுடன் சுருளின் தூண்டற்றிறனும் கூடும். சுருளின் தூண்டற்றிறனும் வடத்தின் கொள்ளளவமும் சேர்ந்து ஒரு குறித்த மீடிறனில் ஓசையைத் தூக்கிக்காட்டி, அதற்கு மேலுள்ளவற்றைத் தாழ்த்திவிடும். இதுவே பரிவு. ஒற்றைச் சுருளில் இம்முகடு பொதுவாகச் செக்கனுக்கு 3,000 முதல் 4,000 அதிர்வுகளின் அளவிலும், ஹம்பக்கரில் 2,000 முதல் 3,000 அளவிலும் அமையும். முன்னது மணிபோற் கணீரென்றும் பின்னது கனிந்து தடித்தும் கேட்பதற்கு இதுவே தலையாய காரணம். அன்றியும், ஹம்பக்கரின் இரு சுருள்கள் கம்பியின் ஈரிடங்களை ஒருசேர உணர்வதால் மிக நுண்ணிய மேற்சுரங்கள் சில தம்முள் அழிந்துபோகின்றன.

கடைகளில் பிக்கப்பின் மின்தடையைக் கிலோ ஓமில் எழுதிவைத்து, எண் பெரிதாயின் ஓசையும் பெரிது என்று கூறும் வழக்கம் உண்டு. அது அரைகுறை உண்மை. அதே சுற்றுக்களைச் சற்று மெல்லிய கம்பியாற் சுற்றினால் தடை ஏறக்குறைய நாலிலொரு பங்கு உயரும். ஓசை அவ்வாறு உயராது. ஒரே தடையுள்ள இரண்டு பிக்கப்புகள் காந்தத்தாலும் வடிவத்தாலும் முற்றும் வேறான குரலில் பேசுதலும் கூடும். எண்ணைக் கண்டு கொள்பவன் குரலைக் கொள்வதில்லை.

அனுபவம் மிக்க திருத்துநர் பிக்கப்பை மாற்றுமுன் வேறு சிலவற்றைச் சோதிப்பர். கம்பிகள் பழசாகித் துருவேறியிருப்பின் எந்தப் பிக்கப்பும் தெளிவாக ஒலிக்காது. வடம் மிக நீண்டதாயின் அதன் கொள்ளளவம் கூடி ஓசை மங்கும். ஓசைக்குமிழின் கீழுள்ள மாறுந்தடை ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓமாகவும் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓமாகவும் இருப்பது வழக்கம்; இவை மாறியிருப்பின் குரல் கூசவோ மங்கவோ கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிக்கப்பின் உயரத்தைத் திருகாணியாற் சற்றே இறக்கியோ ஏற்றியோ பார்க்க ஒரு சதமும் செலவாகாது. காந்தம் கம்பிக்கு மிக அருகே நின்றால் கம்பியின் அதிர்வையே பிடித்திழுத்துச் சுருதியைக் கலைத்துவிடும். அதனைப் பிக்கப்பின் குற்றம் எனத் தவறாகக் கொண்டோர் பலர்.

இத்தனையும் செய்தபின்னும் மனம் நிறையாவிடின், குறை யாதென்று முதலில் தெளிய வேண்டும். இரைச்சலே குறையாயின், இரண்டு சுருளை மேலும் கீழுமாக அடுக்கி ஒற்றைச் சுருளின் வடிவிலேயே ஆக்கப்பட்ட பிக்கப்புகள் உள்ளன. மரத்தைக் குடைய வேண்டுவதில்லை. ஓசை போதாமை குறையாயின் சுற்றுக்கள் மிகுந்தது உதவும்; ஆனால் நுண்மை சற்றுக் குறையும். ஓசை முரடாயின் மெலிந்த காந்தமுடையதை நாடலாம். கழுத்தருகே உள்ளதையும் பாலத்தருகே உள்ளதையும் ஒன்றோடொன்று பொருந்த எண்ணிக்கொள்ளுதலும், காந்தமுனைகள் கம்பிகளின் இடைவெளிக்கு நேர்படுகின்றனவா என அளத்தலும் நன்று. கழற்றிய பழையதைப் பற்றாசு நீக்கிப் பெட்டியிலிட்டு வைப்பது எல்லாவற்றிலும் தலையாயது. 1970களின் இழப்புக் கற்பித்த பாடம் அது.

ஜோர்ஜ் பீச்சம் தேடியது உரத்த ஓசை. செத் லவர் தேடியது இரைச்சலற்ற ஓசை. டிமார்சியோவும் டங்கனும் தேடியது, ஒருகாலத்தில் இருந்து மறைந்ததாக எண்ணப்பட்ட ஓசை. மூவகைத் தேடலும் காந்தத்திலும் கம்பியிலுமே நிகழ்ந்தன. ஆயினும் சார்லி கிறிஸ்தியனின் பிக்கப் வேறெவர் கையிலும் சார்லி கிறிஸ்தியனாக ஒலித்ததில்லை. பிக்கப் கம்பியின் அசைவைச் சொல்லும். கம்பியை அசைப்பது விரல். தன் விரல் எதைச் சொல்ல விரும்புகிறது என்று அறிந்தவனுக்கே எந்தப் பிக்கப் வேண்டும் என்பதும் தெரியும்.